அலையில்லாத கரை

பாலாவிப் பக்கத்து உப்பளம் ஒன்றில் வேலை செய்யும் பெண்களுக்கு வருஷத்தில் ஒரு நாள் சுற்றுலா உண்டு. மழை இறங்கி, பாத்திகள் நிரம்பி, உப்பு வாரும் பலகைகளைக் கொட்டிலுக்குள் சாத்திய பிறகு, பௌர்ணமிப் போயா விடுமுறை ஒன்று பார்த்து பஸ் பிடித்துக் கடற்கரைக்குப் போவார்கள். வருஷம் முழுக்க உப்புத் தண்ணீரில் கால் ஊறிக் கிடந்தவர்கள் விடுமுறைக்கும் உப்புத் தண்ணீரைத்தான் தேடிப் போகிறார்கள் என்று காவல்காரர் சிரிப்பார். சிரித்துவிட்டுப் போகட்டும். பாத்தியில் நிற்பதும் அலையில் நிற்பதும் ஒன்றுதான் என்று நினைக்கிற மனிதரிடம் என்னத்தைக் கதைப்பது?

எந்தக் கடற்கரை என்று முடிவெடுக்க அவர்களிடம் ஒரு வழக்கம் இருந்தது. அந்த வருஷம் யார் வீட்டில் துக்கம் நடந்ததோ அவள்தான் இடம் சொல்ல வேண்டும். அழுதவள் கேட்ட இடத்துக்கு எல்லாரும் முணுமுணுக்காமல் போவார்கள். கணவர் மௌத்தாகி, இத்தா என்ற துக்கத் தனிமை முடிந்து வெளியே வந்த கமீலா ராத்தா ஒரு வருஷம் ஆலங்குடா சொன்னாள். அங்கே அலைக்குள் இறங்கி நின்று வாய்விட்டு அழுதாள், பிறகு கரையேறி இரண்டு பேரின் சோற்றைச் சாப்பிட்டாள். அடுத்த வருஷம் இடம் சொல்லும் முறை இன்னொருத்திக்குப் போய்விட்டது.

அனஸ்தாசியாவிடம் வந்தபோது மட்டும் அது போகவில்லை. இரண்டாயிரத்துப் பதினைந்து தை மாதம், அவளுடைய மூத்தவன் கெவின் கந்தக்குழியிலிருந்து இன்னொருவனோடு மீன்பிடிக்கப் படகெடுத்துப் போனான். இருவரும் வரவில்லை. படகும் வரவில்லை. கடற்படை தேடியது, ஊர்ப் படகுகள் தேடின, ஒரு துண்டுப் பலகைகூட அகப்படவில்லை. தகப்பன் அன்ரனிப்பிள்ளை நெஞ்சு வருத்தத்தில் ஏற்கெனவே போய்விட்டார். வீட்டில் மிஞ்சியது அனஸ்தாசியாவும் சின்னவள் அஜித்தாவும்தான். அந்த வருஷம் இடம் சொல்லும்படி அவளைக் கேட்டார்கள். மகனின் உடம்பே கிடைக்காதவளின் துக்கம் எந்த வருஷத்தோடு முடிந்தது என்று யார் கணக்குச் சொல்வது? அதனால் அடுத்த வருஷமும் அவளையே கேட்டார்கள், அதற்கடுத்த வருஷமும் கேட்டார்கள்.

வாடைக் காற்றில் போனது தெற்கேதான் இழுபடும் என்று கந்தக்குழியில் ஒரு கிழவர் அவளிடம் சொல்லியிருந்தார். அவர் ஆறுதலுக்குச் சொன்னாரோ அறிந்துதான் சொன்னாரோ, அவள் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். முதல் வருஷம் தலவில. பிறகு ஆலங்குடா, பிறகு மாம்புரி. வருஷத்துக்கு வருஷம் கரை கரையாகத் தெற்கே இறங்கினாள். சில வருஷம் பாறையும் முள்ளுமாகக் கிடந்த பெயரில்லாத கரைகளில்கூட பஸ் நின்றது. "இவள் சொல்ற இடத்தில ஒதுங்க ஒரு பத்தை மறைவாவது இருக்குதா பாருங்க" என்று பின் சீற்றில் குசுகுசுப்பார்கள். அவள் முகத்துக்கு நேரே யாரும் சொன்னதில்லை.

பஸ் நின்றதும் அனஸ்தாசியா சோத்துப் பார்சல்கள் இரண்டையும் அஜித்தாவின் மடியில் வைப்பாள். "பிள்ளை, இதில இரு. இப்ப வந்திடுவன்." நீளச் சட்டையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஈர மணலோரமாக நடக்கத் தொடங்குவாள். கரையொதுங்கிய செருப்பைப் புரட்டுவாள். கந்தல் துணியை உதறிப் பார்ப்பாள். நீல நிறத்தில் எது கிடந்தாலும் ஓடுவாள், கெவினின் படகு நீலம். அவள் திரும்பும்போது மற்றவர்கள் குளித்து முடித்துத் தலை துவட்டிக்கொண்டிருப்பார்கள். அஜித்தா தன் பார்சலைத் தனியே சாப்பிட்டுவிட்டு, தாயின் பார்சலில் ஈ மொய்க்காமல் கையால் விசிறிக்கொண்டிருப்பாள்.

கொரோனா வந்தது, பிறகு டீசல் இல்லாத காலம் வந்தது. அந்த வருஷங்களில் சுற்றுலா இல்லை. மறுபடி பஸ் பிடிக்கலாம் என்ற நிலை வந்தபோது அஜித்தாவுக்கு இருபத்தொரு வயது. ஜோர்தானில் ஒரு தையல் தொழிற்சாலையில் வேலை சரிவந்து, சுற்றுலா முடிந்து ஒரு கிழமைக்குள்ளேயே பயணம் என்று ஆகியிருந்தது.

"இந்த முறை உடப்பு" என்றாள் அனஸ்தாசியா, அடுப்படியில் மீன் கழுவிக்கொண்டே. அவள் கணக்கில் பார்க்காமல் விட்ட கரை அது ஒன்றுதான்.

அஜித்தா கதவோரம் நின்றாள். "அம்மா, நான் ஒரு இடம் சொல்லட்டா?"

"சொல்லு."

"கற்பிட்டி றோட்டில கண்டல் மரம் நிக்கிற களப்பங்கரை இருக்கெல்லா. அங்க போவம்."

கடல்நீர் தேங்கி நிற்கும் அந்தக் களப்பை நினைத்து அனஸ்தாசியாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "உனக்கென்ன விசரா? களப்புத் தண்ணியைத்தானே நாங்கள் பாத்திக்குப் பாய்ச்சுறம். அதைப் பார்க்கவா பஸ் பிடிக்கிறது? கமீலா ராத்தா என்னைக் கொன்று போடுவா."

"அங்க அலை இல்லை அம்மா" என்றாள் அஜித்தா. "கடலில போனது ஒண்டும் அங்க ஒதுங்காது. நீங்கள் நடக்கத் தேவையில்லை. என்னோட இருக்கலாம்."

தாய் மீன் செதில் ஒட்டிய கையைச் சட்டையில் துடைத்தாள்.

"எல்லாக் கடற்கரையிலயும் நான் தனியத்தான் சாப்பிட்டன். அண்ணாவைத் தேட வேண்டாமெண்டு சொல்லேல்ல. நான் போகப் போறன், ஒரு நாள் மட்டும் கேக்கிறன்."

இந்த இடத்தில் "சரி பிள்ளை" என்று சொல்லாத தாய் உண்டா என்று கேட்பீர்கள். உண்டு. அனஸ்தாசியா கெட்டவள் அல்ல. உடப்பை விட்டுவிட்டால் கெவின் அந்தக் கரையில்தான் கிடந்திருப்பான் என்ற நினைப்பு அவளைச் சாகும்வரை தின்னும். இருக்கிறவள் எங்கே போய்விடப் போகிறாள், இரண்டு வருஷத்தில் திரும்பி வருவாள் என்று தனக்குத்தானே நியாயம் சொல்லிக்கொண்டாள். மகளிடம், "அடுத்த முறை கட்டாயம் போவம்" என்றாள். அஜித்தா "ஓம் அம்மா" என்றாள். அதற்குப் பிறகு அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

உடப்பில் படகுகள் வரிசையாகக் கரையேறிக் கிடந்தன. அனஸ்தாசியா பார்சல்களைக் கொடுத்துவிட்டு நடந்தாள். ஊர் முடிந்து ஆளரவம் குறைந்த இடத்தில், மணலில் மீன் காயவைத்துக்கொண்டிருந்த ராசம்மா என்ற பெண் இவளைக் கவனித்தாள். கந்தல் துணி ஒன்றை இவள் உதறியதைப் பார்த்ததும் கிட்ட வந்தாள்.

"என்னக்கா தேடுறீங்க?"

"என்ர மகன்" என்றாள் அனஸ்தாசியா.

எப்போது என்று ராசம்மா கேட்டாள். இவள் வருஷத்தைச் சொன்னாள். ராசம்மா கையிலிருந்த மீனைக் கீழே வைத்தாள்.

"அக்கா, கோவிக்காதேங்க. இஞ்ச ஒரு உடம்பு ஒதுங்கியிருந்தா நாங்கள் சும்மா விட்டிருப்பமா? ஊரே கூடி அடக்கம் பண்ணியிருக்கும். பொலிசு வந்திருக்கும், உங்களுக்கு ஆள் வந்து சொல்லியிருக்கும். இத்தினை வருஷத்துக்குப் பிறகு மணலில என்ன கிடக்கும்? இதை ஒருத்தரும் உங்களுக்குச் சொல்லேல்லயா?"

ஒருவரும் சொல்லவில்லை. பாவம் என்று எல்லாரும் அவளுக்கு வழிவிட்டார்கள். அனஸ்தாசியா மணலில் குந்தி, மகன் போன அன்று அழாத அழுகையை அங்கே அழுதாள். ராசம்மா அவள் முதுகைத் தடவிக்கொண்டிருந்தாள். பிறகு அனஸ்தாசியா திடீரென மகளின் நினைவு வந்து எழுந்து, வந்த வழியே ஓடினாள். ஈர மணல் காலை இழுத்தது.

பஸ் ஹோர்ன் அடித்துக்கொண்டு நின்றது. அஜித்தா படகு நிழலில் இருந்தாள். மடியில் இரண்டு பார்சலும் கட்டுப் பிரிக்காமல் கிடந்தன.

"சாப்பிடேல்லயா பிள்ளை?"

"உங்களோட சாப்பிடலாமெண்டு இருந்தன்."

பிரித்துப் பார்த்தார்கள். வெயிலில் சோறு பழுதாகியிருந்தது. காகங்களுக்குப் போட்டுவிட்டு பஸ்ஸில் ஏறினார்கள். வழியெல்லாம் அனஸ்தாசியா மகளின் கையைப் பிடித்துக்கொண்டே வந்தாள். அஜித்தா கையை இழுக்கவில்லை, ஆனால் முகம் ஜன்னல் பக்கம் இருந்தது. அந்தக் கிழமை அவள் போய்விட்டாள்.

அடுத்த வருஷம் மழை இறங்கியது. எந்தக் கடற்கரை என்று கேட்டார்கள். "களப்பங்கரை" என்றாள் அனஸ்தாசியா.

இளம் பெட்டைகள் கொல்லென்று சிரித்தார்கள். கமீலா ராத்தா மட்டும் அவள் முகத்தைப் பார்த்தாள். "சிரிக்காதீங்க புள்ளையள். அவ சொன்னா அங்கதான்" என்றாள்.

கண்டல் நிழலில் எல்லாரும் பாய் விரித்தார்கள். முழங்கால் தண்ணீர். அலையே இல்லை. அனஸ்தாசியா நடக்கவில்லை. காலை நீட்டி உட்கார்ந்து, பழக்க தோஷத்தில் கட்டி வந்த இரண்டு பார்சலையும் பக்கத்தில் வைத்துக்கொண்டாள். பார்க்கப் பார்க்கத் தண்ணீர் அப்படியே கிடந்தது. அஜித்தா சொன்னது சரிதான், அங்கே எதுவும் ஒதுங்கவில்லை.

பின்நேரம் கமீலா ராத்தா தன் ஃபோனில் ஜோர்தானுக்கு எடுத்துக் கொடுத்தாள். அஜித்தாவின் முகம் மெலிந்து, தலையில் தொழிற்சாலைத் தொப்பியோடு தெரிந்தது. தாய் ஃபோனைத் திருப்பிக் களப்பைக் காட்டினாள்.

"வந்திட்டன் பிள்ளை. நீ சொன்ன இடம்."

அந்தப் பக்கம் அவள் முகத்தைத் திரைக்குக் கிட்டக் கொண்டுவந்தாள்.

"வடிவாத்தான் இருக்கு" என்றாள் அஜித்தா. "சாப்பிட்டீங்களா அம்மா?"

"இல்லை. உன்னோட சாப்பிடலாமெண்டு இருக்கிறன்."

"நான் இப்பத்தான் சாப்பிட்டன் அம்மா. பெல் அடிச்சிட்டுது, போகோணும். நீங்கள் சாப்பிடுங்க."

ஃபோனைக் கமீலாவிடம் கொடுத்துவிட்டு அனஸ்தாசியா ஒரு பார்சலை மடியில் எடுத்தாள். மற்றதில் ஈ மொய்த்தது. இடது கையால் அதை விசிறிக்கொண்டே, தனியே சாப்பிடத் தொடங்கினாள்.