பதினோரு நொடிகள், பாதுகாப்பாக அழிக்கப்பட்டன

செவ்வாய், முற்பகல் 11.20: என் மனைவி ராயபுரம் வீட்டிலிருந்து அழைத்தார். கூட்டத்தில் இருந்ததால் நான் எடுக்கவில்லை. அவர் பேசிய பதினோரு நொடிகளை என் கைப்பேசியிலுள்ள அலுவலகச் செயலி பதிவு செய்தது.
11.21: பதிவு எண்ணூரிலுள்ள சர்வருக்குச் சென்று, எழுத்தாகி என் கைப்பேசிக்குத் திரும்பியது: “நெஞ்சு பேசாத கீதம்.” மூல ஒலி இரண்டு இடங்களிலும் அழிக்கப்பட்டது.
11.24: “அருமையான வரி” என்று அவருக்குப் பதில் அனுப்பினேன்.
பிற்பகல் 3.10: மாரடைப்பால் இறந்தார் என்று மருத்துவர் எழுதிக்கொடுத்தார்.

அந்த ஏற்பாட்டை வடிவமைத்தவன் நான்தான். திருவொற்றியூரில் ஒரு கன்டெய்னர் நிறுவனத்தின் கணினிப் பாதுகாப்புக்குத் தலைவன். முனைவர் பட்டமும் உண்டு. யார்டில் வெயிலில் நிற்கும் ஊழியர்களின் கைப்பேசிகள் சூடேறித் திணறின. ஆகவே படங்களை அலசுவது, பேச்சை எழுத்தாக்குவது போன்ற கனமான வேலைகளைச் சர்வரின் தலையில் ஏற்றினேன். போகும் வழி நெடுக மறைகுறியீடு; வேலை முடிந்த நொடியில் மூலம் அழிப்பு. கைப்பேசிக்கு வலிக்கக்கூடாது என்பதில் எனக்கு அவ்வளவு கரிசனம்.

பேச்சை எழுத்தாக்கும் இயந்திரத்துக்குத் தமிழ் கற்பிக்கும் நூல்களையும் நானே தேர்ந்தேன். அச்சேறிய, பிழையற்ற தமிழ். வடசென்னைப் பேச்சு ஒரு வரிகூட உள்ளே வராமல் காத்தேன். மீனவர் குடும்பத்தில் பிறந்த என் மனைவியின் ‘கீது’வை முப்பது ஆண்டுகள் ‘இருக்கிறது’ என்று திருத்திக் களைத்தவன், இயந்திரத்திடம் வென்றேன். “உனுக்குப் புரிஞ்சா போதும்யா” என்பார் அவர். எனக்குப் புரிந்த இலட்சணம் மேலே 11.24இல் உள்ளது.

காரியங்கள் முடிந்து அலுவலகம் திரும்பியதும், சர்வரைக் கவனிக்கும் காசிமேட்டுப் பெண்மணியிடம் அந்த வரியைக் காட்டினேன். இரண்டு முறை படித்தார்.

“சார், அம்மா பாட்டு ஒண்ணும் பாடல. ‘நெஞ்சு பேஜாரா கீது’ன்னு சொல்லிக்கீறாங்கோ.”

நெஞ்சு தொல்லை செய்கிறது என்று பொருள். தெருவில் யாரைக் கேட்டாலும் சொல்லியிருப்பார்கள். அதை அவர் சலிப்பாகச் சொன்னாரா, மூச்சுக்குத் தவித்தபடி சொன்னாரா என்று மட்டும் எனக்குத் தெரிய வேண்டியிருந்தது. பதிவை மீட்டுத்தரக் கேட்டேன்.

“அழிச்சத ஆண்டவனே வந்தாலும் எடுக்க முடியாதுன்னு நீங்கதான சார் ரெண்டு நாள் கிளாஸ் எடுத்தீங்க.”

நம்பாமல் மூன்று வாரங்கள் நானே முயன்றேன். என் வேலையில் குறையே இல்லை. அதே மாதம் வந்த தணிக்கைக் குழுவும் அவ்வாறே எழுதியது. நிர்வாகம் எனக்குச் சால்வை போர்த்தியது. போட்டுக்கொண்டேன்.

செய்யாமல் நிற்பவை:
அழிப்பதற்கு முன் ஒருநாள் அவகாசம் தரும் புதிய விதியில் கையொப்பமிடுவது.
காசிமேட்டுப் பெண்மணி பேசித்தர ஒப்புக்கொண்ட சொற்களை இயந்திரத்துக்குக் கற்பிப்பது.
“அம்மா அன்னிக்கு உங்ககிட்ட என்ன சொன்னாங்க?” என்று கேட்ட மகளுக்குப் பதில் சொல்வது.