நூலக்கா வரைந்த எல்லை

நில ஆய்வு அலுவலகத்தில் பத்தொன்பது வருடம் வரைபடம் வரைந்தவர் அவர். அளவுகோல் இல்லாமலே நூல் பிடித்த மாதிரி கோடு போடுவார் என்பதால், மேலதிகாரி முதல் வாசல் காவலாளி வரை எல்லோருக்கும் நூலக்கா. ஆள் ஒல்லி என்பதால்தான் அந்தப் பெயர் என்று அவர் கணவர் கேலி செய்வார். ரேடியோ பழுது பார்க்கும் அந்த மனிதருக்கு, மனைவியைச் சீண்டாமல் காலைக் காபி இறங்காது.

போர் தொடங்கி பத்து நாள் இருக்கும். எல்லைக் காவலர் ஒன்பது பேரை அடுத்த நாட்டான் கொன்றுவிட்டான், அதற்குப் பதிலடி என்று அரசாங்கம் சொன்னது. நம் படை எதுவரை போயிருக்கிறது என்று தினமும் பத்திரிகையில் ஒரு கறுப்புக் கோடு வரும். அன்று அந்தக் கோட்டைப் பார்த்த நூலக்காவின் கை தம்ளரோடு நின்றுவிட்டது.

"என்னங்க, நாளைக்கு இது ஆத்து வளைவு வரைக்கும் போகும். அங்கேருந்து வடக்கே திரும்பும்."

"ஆமா, தளபதி உன்கிட்டதான் வந்து கேட்டுட்டுப் போனாரு" என்று கணவர் சிரித்தார்.

மறுநாள் கோடு ஆற்று வளைவில் நின்றது. அதற்கு மறுநாள் வடக்கே திரும்பியது. நான்காம் நாள் கணவர் சிரிக்கவில்லை. "உனக்கு யாரு சொன்னது?" என்றார் குரலைத் தாழ்த்தி.

யாரும் சொல்லவில்லை. இரண்டு வருடத்துக்கு முன் அந்தக் கோட்டை வரைந்ததே அவர்தான். எல்லைக்கு அப்பாலுள்ள மலையடியில் தாது எங்கெங்கே கிடக்கிறது என்று காட்டும் படம். கடைசி வளைவை வரையும்போது யாரோ கதவை அறைந்து சாத்த, பேனா மேற்கே வழுக்கியது. "சார், இங்க கை தவறிடுச்சு. சுரண்டிட்டுத் தரேன்" என்றார். "பரவாயில்ல குடும்மா, கீழே கார் நிக்குது" என்று மேலதிகாரி பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டு போனார். படத்தில் அது ஒரு நகத்தின் அகலம். நிலத்தில் இரண்டு கிலோமீட்டர்.

பத்திரிகைக் கோடு பேனா வழுக்கிய இடத்தை நெருங்க நெருங்க, நூலக்கா விடியுமுன்பே வாசலில் பத்திரிகைக்காகக் காத்து நின்றார். அங்கே தாதும் இல்லை, மேடும் இல்லை, வெறும் உவர் நிலம். படை நேரே போய்விடும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். பத்திரிகைக் கோடு மேற்கே வளைந்தது. 'முக்கியமான குன்று மீட்பு, முப்பத்தொரு வீரர்கள் பலி' என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள்.

முப்பத்தொரு பேரில் ஒருவன் கீழ்வீட்டுத் தையற்காரம்மாவின் மகன்.

அலுவலகத்தில் அந்தப் படத்தின் நகல் இருந்த இழுப்பறை காலி. பதிவேட்டைப் புரட்டினார். அந்த எண்ணுக்கு நேரே 'கிராமக் குளங்கள்' என்று இருந்தது. எழுத்து அவருடைய எழுத்து. தன் கையெழுத்தின் சுழி வரை அச்சு அசலாக இருந்தது. அப்படி எழுதிய ஞாபகமே அவருக்கு இல்லை.

"அப்படியொரு படம் நீ வரையவே இல்லம்மா" என்றார் மேலதிகாரி, ஜன்னலைப் பார்த்தபடி. "கொஞ்ச நாள் லீவு போடு."

ஞாயிறு மதியம் சாப்பாட்டு மேசையில் தாளை விரித்து, மனத்திலிருந்தே மறுபடி வரைந்தார். கை எங்கும் தயங்கவில்லை. அந்த இடம் வந்ததும் நேராகத்தான் போட நினைத்தார். பேனா தானாக மேற்கே போய்வந்தது. மேசையில் வேறு யாருடைய கையோ இருப்பதுபோல அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

மை காய்ந்ததும் கீழே இறங்கிப் போனார். தையற்காரம்மா மிஷினை நிறுத்தவில்லை.

"அக்கா, தம்பி இருந்த இடம் இதுதான்."

மிஷின் நின்றது. "அங்க என்ன இருந்துச்சு நூலு?"

"ஒண்ணுமில்லக்கா. என் பேனா வழுக்கின இடம்." எல்லாவற்றையும் சொன்னார்.

"ஒன்பது பேரைக் கொன்னதுக்குத்தான் சண்டைன்னாங்களே?"

"அவங்க சாகறதுக்கு ரெண்டு வருஷம் முன்னாடியே இதை வரைஞ்சு வாங்கிட்டுப் போயிட்டாங்க."

திட்டுவார், அடிப்பார் என்றுதான் நூலக்கா நின்றார். தையற்காரம்மா வெகுநேரம் அந்த வளைவை விரலால் தடவிக்கொண்டிருந்தார். பிறகு, "இது என்கிட்ட இருக்கட்டும்" என்றார்.

மகனுக்கான பதக்கத்தைக் கொடுக்க அமைச்சர் வந்த அன்று, தையற்காரம்மா புகைப்படக்காரர்கள் முன்னால் தாளை விரித்துப் பிடித்தார். "ஐயா, இந்த இடத்துல என்ன இருந்துச்சு? அதை மட்டும் சொல்லிட்டு மாட்டுங்க." அமைச்சர் பதக்கத்தை மேசையில் வைத்துவிட்டுக் காரில் ஏறினார். அவர் தாளோடு நின்ற புகைப்படத்தை ஒரே ஒரு பத்திரிகை போட்டது.

நூலக்காவுக்கு வேலை போனது. மூன்று நாள் விசாரணை நடந்தது. இல்லாத படத்துக்கு எப்படித் தண்டிப்பது என்று தெரியாமல் விட்டுவிட்டார்கள்.

அதற்குப் பிறகுதான் அம்மாக்கள் வரத் தொடங்கினார்கள். தையற்காரம்மாவின் வீட்டுப் படியில், பிள்ளை இறந்த ஊரின் பெயர் எழுதி ராணுவம் அனுப்பிய கடிதங்களோடு உட்கார்ந்திருப்பார்கள். ஒவ்வொருவருக்கும் அவர்கள் பிள்ளை விழுந்த இடத்தைத் தேடி விரல் வைத்துக் காட்டுவார் நூலக்கா.

"என் பையன் செத்த இடத்துலயாவது ஏதாச்சும் இருந்துச்சாம்மா?" என்று கேட்டார் ஒருவர்.

"இருந்துச்சும்மா. தாது. நிறைய."

அந்த அம்மாள் தலையாட்டினார். படியிறங்கப் போனவர் திரும்பி வந்து, "அதை வச்சு என்ன செய்வாங்க?" என்று கேட்டார். நூலக்கா தெரிந்ததைச் சொன்னார்: தோண்டுவார்கள், உருக்குவார்கள், விற்பார்கள். அவர் கடைசி வரை கேட்டுவிட்டு, கடிதத்தை மடித்துக்கொண்டு போனார்.