படிக்காமல் விட்ட வரிகள்

எனக்குப் பார்வை போனதிலிருந்து ஊர்ச் செய்தி வரும் இணையப் பக்கத்தை மனைவிதான் படித்துக்காட்டுவாள். இன்று அவள் பக்கத்து ஊரான தாமலுக்குப் போயிருந்தாள். கணினியையே வாசிக்க வைத்தேன்.

பட்டுச்சேலைத் தள்ளுபடியைச் சொன்ன அதே குரலில், பக்கத்தின் அடியில் கிடந்த பழைய செய்தியிலிருந்து, என் சிநேகிதன் கோதண்டம் மாசியிலேயே இறந்துவிட்டதையும் சொன்னது.

வருடா வருடம் கருட சேவைக்கு என் கையைப் பிடித்துக் கூட்டிப்போகிறவன். இந்த வைகாசியில் வரவில்லை. "அவருக்குக் கால் வலியாம்" என்றாள் மனைவி. அன்றிலிருந்து அவனைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

சாயங்காலம் வந்தவளிடம் கேட்டேன். "ஏன் மறைச்சே?"

"தெனமும் அவரத் திட்டிக்கினு இருந்தீங்க. அவரு உயிரோட இருக்கற மாதிரியே இருந்துது. அத எப்படிங்க நிறுத்துவேன்?"

கணினி ஒரு வரியும் விடாமல் படிக்கிறது. இவளுக்கு விடத் தெரிகிறது.

நாளைக்கு யாரைப் படிக்கச் சொல்லட்டும்? நீங்களே சொல்லுங்கள்.