விரதத்தில் எடுத்த ரத்தம்

எங்கள் அப்பாவைப் போல விரதம் இருக்கும் ஆளை நான் பார்த்ததில்லை. கிருத்திகை தவறாமல் திருப்பரங்குன்றம் போய்விடுவார். அன்று முழுக்கச் சோற்றைத் தொட மாட்டார். பதிலுக்குப் பூரி, வடை, தோசை என்று வயிறு முட்டப் பலகாரம் சாப்பிடுவார்.

அந்த வருஷம் சித்தப்பா, நாற்பது வயதுகூட ஆகாத மனிதர், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தவர் எழுந்திருக்கவில்லை. அண்ணனான அப்பாவுக்கும் ரத்தத்தில் கொழுப்பு எவ்வளவு இருக்கிறதென்று பார்த்துவிடச் சொன்னார் டாக்டர். வெறும் வயிற்றோடு போகவேண்டும். அப்பாவை நம்பாமல், ஒன்பது வயதுப் பெண்ணான என்னைக் காவலுக்கு அனுப்பினாள் அம்மா.

அவனியாபுரத்தில் பஸ் ஏறி, டவுனில் இறங்கியதும் அப்பா நேராக ஹோட்டலுக்குள் நுழைந்தார்.

“சாப்பிடக் கூடாதுன்னாங்களேப்பா.”

“சோறுதான் தாயி திங்கக் கூடாது. இது பலகாரம்ல. அம்மாட்ட மட்டும் சொல்லிராத.”

இரண்டு செட் பூரி, மேலே ஒரு நெய் ரோஸ்ட். எனக்கும் ஒரு ரோஸ்ட் வந்தது. காவல் அத்தோடு முடிந்தது. லேபில் எங்கள் முறை வருவதற்குள் பத்து மணி ஆகிவிட்டது.

“வெறும் வயிறுதானண்ணே?”

“ஆமா தம்பி. விரதம்.”

மறுநாள் ரிசல்ட் வாங்க அம்மாவோடு போனேன். லேப்காரர் தலையை ஆட்டினார். “ரத்தம் தெளிஞ்சதும் மேலாப்புல பால் மாதிரி வெள்ளையா நிக்குதுக்கா. அம்புட்டும் கொழுப்பு. வீட்டுல எண்ணெய் நிறைய ஊத்துவீகளோ?”

 அம்மா வைக்கும் குழம்பில் நல்லெண்ணெய் மிதக்கும். சித்தப்பா எங்களோடு ஒரே வீட்டில்தான் இருந்தார்; அந்தக் குழம்புக்காகவே ஹோட்டல் பக்கம் போகாதவர்.

அன்றிலிருந்து வீட்டில் தாளிக்கும் சத்தம் நின்றுபோனது. அப்பா பயந்துபோய், போட்டதைச் சாப்பிட்டார். பூரியைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் பேசவில்லை. ரகசியத்தைக் காப்பாற்றுவதில் எனக்கு ஏகப்பட்ட பெருமை.

தின்ற கொழுப்பு குடலிலிருந்து ரத்தத்துக்கு வந்து சில மணி நேரம் அப்படித்தான் வெள்ளையாக மிதக்கும், பிறகு உடம்பே அதை எடுத்துக்கொள்ளும் என்று பல வருஷம் கழித்துத்தான் படித்தேன். அம்மாவின் எண்ணெய் பரம சாது என்று சொல்ல வரவில்லை. ஆனால் லேப்காரர் பார்த்தது பெரும்பாலும் அன்றைக்குக் காலையில் தின்ற பூரியும் நெய்யும்தான். நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் இன்னொரு தடவை ரத்தம் எடுத்துப் பார்த்திருப்பார்கள்.

ஒரு சாயங்காலம் அம்மா, தாலியில்லாத கழுத்தோடு உட்கார்ந்திருந்த சித்தியின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள்.

“நான்தான் தாயி அவருக்கு ஊத்தி ஊத்திக் குடுத்தேன்.”

 சித்தி கையை விடுவித்துக்கொள்ளவில்லை. நான் பக்கத்தில் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தேன். கொழுப்பு இருப்பது அப்பாவுக்கு, அதற்குச் சித்தியிடம் போய் அம்மா ஏன் அழுகிறாள் என்று எனக்கு விளங்கவில்லை.