பொன்னுமணி துப்பிய மாத்திரை

சிலமலை ஊர்ப் பொன்னுமணிக்கு ஊசி என்றாலும் பயமில்லை, கத்தி என்றாலும் பயமில்லை. இருபது வருஷமாகப் போடிமெட்டுக்கு மேலே ஏலக்காய் எடுக்கிறவள். அன்று மதுரை ஆஸ்பத்திரியில் அவள் பயந்தது பக்கத்தில் நின்ற புருஷன் ஈஸ்வரனுக்குத்தான்.

போன வருஷம் அவளுக்கு இடது காலில் ரத்தம் உறைந்துபோனது. மறுபடி உறையாமலிருக்கத் தினம் ஒரு மாத்திரை என்றார்கள். விடிகாலையில் வேலைக்கு ஏற்றிப்போகும் தோட்டத்து ஜீப்பு வருமுன்னே ஈஸ்வரன் மாத்திரையும் தண்ணீருமாக வந்து நிற்பான். அவளோ அதைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு, ஜீப்பு கிளம்பியதும் வெளியே துப்பிவிடுவாள். எல்லாம் அட்டைப்பூச்சியால் வந்த வினை. மழைக்காலத்து ஏலக்காட்டில் அட்டை கடிக்காத கால் ஏது? மற்றவர்களுக்குச் சுண்ணாம்பு வைத்தால் ரத்தம் நின்றுவிடும். ஆரம்பத்தில் ஒழுங்காக மாத்திரை தின்ற இவளுக்கு மதியம்வரை வடிந்தது. "இப்படி வடிச்சுக்கிட்டு வேலைக்கு வராத" என்றுவிட்டான் மேஸ்திரி. அடி கிறுக்கச்சி, டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே! கேட்கவில்லை.

இப்போது கால் மறுபடி வீங்கிவிட்டது. சாதாரண ஸ்கேனில் அது பழைய கட்டியா, புதுசா என்று பிரியவில்லை. புது ரத்தக்கட்டியில் மட்டும் போய் ஒட்டுகிற, இன்னும் ஆராய்ச்சியிலிருக்கும் ஒரு மருந்தை ஏற்றிப் படமெடுத்தார் கிரேஸ் டாக்டர். திரையில் தொடைவரைக்கும் பளிச்சென்று வெள்ளைக்கோடு.

"புதுசுதான். மாத்திரைய மீறி உறைஞ்சிருக்கு. நுரையீரலுக்கு ஏறினா உயிருக்கே ஆபத்து. நாளைக்கே வயித்துல, பெரிய ரத்தக்குழாய்ல, கட்டி மேல ஏறாம மறிக்க ஒரு வலை வைக்கணும். மாத்திரை ஒழுங்கா சாப்பிட்டாங்களா?"

"ஒரு நா தப்பல டாக்டரம்மா. நானே என் கையால குடுத்தேன்" என்றான் ஈஸ்வரன், நிமிர்ந்து.

பொன்னுமணி அவனைப் பார்த்தாள். சொல்லாவிட்டால் உடம்புக்குள் வீணாக ஒரு வலை. சொன்னாலோ, இந்த மனுஷன் முகத்தில் எப்படி முழிப்பது?

"நான் முழுங்கல டாக்டரம்மா" என்றாள். "எட்டு மாசமாத் துப்பிக்கிட்டிருந்தேன். அட்டை கடிச்சா ரத்தம் நிக்க மாட்டேங்குது."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "இப்பவாவது சொன்னீங்களே! அப்ப மாத்திரை மேல தப்பில்ல, வலை வேணாம். மாத்திரையையே திரும்ப ஆரம்பிப்போம். அட்டைக்கு வேற வழி பாப்போம்."

உயிர் திரும்பி வந்தது போலிருந்தது அவளுக்கு. நர்சு மாத்திரையைக் கொண்டுவந்து ஈஸ்வரனிடம் நீட்டினாள். அவன் கையை நீட்டவில்லை.

"அவகிட்டயே குடுங்கம்மா. நான் குடுத்தா உள்ள எறங்காது."

பொன்னுமணி வாங்கி, அவன் பார்க்கட்டுமென்று நிமிர்ந்து விழுங்கினாள். அவன் சன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டான்.