ஒன்ஸ் மோர் கேட்ட சாமுராய்

என் அப்பாவை நான் சுட்டிருக்கிறேன். முதல் தடவை கதைப்படி. அடுத்தது சொந்த விருப்பத்தில். கலிஃபோர்னியாவின் சன்னிவேலில் ஒரு பள்ளிக்கூட அரங்கில், தமிழ்ச் சங்கத் தீபாவளி விழாவில், பட்டுப்புடவை கட்டிய அத்தனை ஆன்ட்டிகளும் பார்த்துக்கொண்டிருக்க நடந்த கொலை அது. இதுவரை யாரும் என்னைக் கைது செய்ய வராததால் நானே எழுதிவைக்கிறேன்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி, எனக்குப் பத்து வயது. அப்பா ஒரு கம்ப்யூட்டர் சிப் கம்பெனியில் இன்ஜினியர். வாரம் முழுக்க சிப்பின் வேகத்தைக் கூட்டுவார். சனி, ஞாயிறானால் இயந்திரத்தை எதிர்த்து மடியும் ஒரு ஜப்பானியப் பிரபுவைப் பற்றி நாடகம் எழுதுவார். அரசாங்கம் சாமுராய்களை வாளைக் கீழே வைக்கச் சொல்கிறது. குடுமியை வெட்டச் சொல்கிறது. குடியானவர் பிள்ளைகள் கையில் துப்பாக்கி கொடுத்துப் புதிய பட்டாளம் சேர்க்கிறது. பிரபு மறுக்கிறார், கடைசிக் காட்சியில் குண்டுகளை நோக்கி ஓடி விழுகிறார். சங்கத்து அங்கிள்கள் வழக்கம்போல் சோழர் கதைதான் கேட்டார்கள். அப்பா மசியவில்லை.

“ஏனுங்க, சாகறதுக்கு நம்மூர்ல ராஜாவே கிடைக்கலியா? ஜப்பான் வரைக்கும் போகோணுமா?” என்றாள் அம்மா.

“மேனேஜரை ஃபேமிலியோட இன்வைட் பண்ணியிருக்கேன். அவரு ஜாப்பனீஸ். அவங்க ஹிஸ்டரிய நாம எவ்வளவு ரெஸ்பெக்ட் பண்றோம்னு பாக்கட்டுமே. நம்ம கிரீன் கார்டு அவரு கையிலதான் இருக்குது. அவரு ஒரு வார்த்தை சொன்னா இருப்போம், இல்லீன்னா பெட்டியக் கட்ட வேண்டியதுதான்.”

அந்தக் கார்டை மேனேஜர் தன் பர்ஸில் வைத்திருப்பார் என்று நான் நினைத்துக்கொண்டேன். எனக்கிருந்த கவலை வேறு. மேனேஜரின் மகள் என் வகுப்பு.

அப்பாதான் பிரபு. கவசம் தயாரானது. வெயிலுக்காகக் காரின் முன்கண்ணாடியில் விரித்துவைப்போமே, அந்த வெள்ளி மடிப்புத் தட்டியில் இரண்டை வெட்டி, நூல் கோத்து நெஞ்சிலும் முதுகிலும் கட்டிக்கொண்டார். குடுமிக்கு அம்மாவின் சவுரி. துடைப்பக்கட்டையில் அலுமினியத் தாளைச் சுற்றியதும் வாள் வந்துவிட்டது. நான் புதிய பட்டாளத்தின் தளபதி. மற்றப் பிள்ளைகளுக்கு அட்டைத் துப்பாக்கி. எனக்கு மட்டும் நிஜமாகவே வெடிக்கும் ரோல் கேப் துப்பாக்கி.

முதல் மரணம் நன்றாகவே நடந்தது. “இயந்திரத்தின் பிள்ளைகளே! என் உடலைத் துளைப்பீர். என் உறுதியைத் துளைப்பீரோ?” என்று முழங்கிவிட்டு, அப்பா வாளை உயர்த்தினார். நான் சுட்டேன். சுழன்று சுழன்று விழுந்தார். பின்வரிசை அங்கிள்கள் எழுந்து, “ஒன்ஸ் மோர்!” என்று கத்தினார்கள். அடுத்தது ஒரு டாக்டர் அங்கிளின் புல்லாங்குழல். அதைத் தள்ளிப்போட அவர்களுக்கு வேறு வழி தெரியவில்லை.

செத்தவர் தலையை மட்டும் தூக்கி முன்வரிசையைப் பார்த்தார். மேனேஜர் கைதட்டவில்லை, குனிந்து மகளிடம் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். அப்பா எழுந்துவிட்டார். காதுக்கு இறங்கியிருந்த சவுரியை உச்சிக்கு ஏற்றிக்கொண்டு வசனத்தை ஆதியிலிருந்து தொடங்கினார்.

மகள் நிகழ்ச்சி நிரல் தாளால் முகத்தை மூடிக்கொண்டாள். தோள்கள் குலுங்கின. எனக்குக் காது சுட்டது. வாள் உயரும்வரை காத்திருக்க வேண்டும் என்பது ஒத்திகையில் எனக்குத் தலையில் குட்டிச் சொல்லித்தந்த பாடம். நான் காத்திருக்கவில்லை. சுட்டேன்.

அப்பா திடுக்கிட்டார். உதடு அசையாமல், “இருடா கண்ணு, இன்னும் இருக்குது” என்றார். குண்டை வாங்கிக்கொண்டே வசனத்தைத் தொடர்ந்தார். மறுபடி சுட்டேன். அதற்கும் விழவில்லை. ரோலில் இருந்த மருந்து தீரும்வரை சுட்டேன். அரங்கம் சிரித்தது. புகைக்கு நடுவே அப்பா பாதி வாக்கியத்தில் நின்று என்னைப் பார்த்தார். இந்த முறை சுழலவில்லை. வேலை முடிந்து வந்தவர்போல் மேடையில் உட்கார்ந்து, பிறகு மெதுவாகப் படுத்துக்கொண்டார்.

காகிதத் தட்டில் வடையோடு மேனேஜர் வந்து அப்பாவின் கையைக் குலுக்கினார். தன் தாத்தா ஸ்ட்ராபெரி பறிக்க இந்த ஊருக்கு வந்தவர் என்றும், அவர்கள் குடும்பத்தில் வாளை யாரும் தொட்டதில்லை என்றும், சண்டையில் இருந்திருந்தால் அனேகமாகத் துப்பாக்கிக்காரர்கள் பக்கம்தான் இருந்திருப்பார்கள் என்றும் ஆங்கிலத்தில் நல்லபடியாகச் சொன்னார். அப்பா எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். அவர் என்னைத் திட்டப்போகிறார் என்று நான் காத்திருந்தேன். கிரீன் கார்டு மனு பிற்பாடு தன் பாட்டுக்கு நகர்ந்தது. நாடகத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ஆனால் அந்த இரவு அப்பாவுக்கு அது தெரியாது. ஒருவர் கைதட்டவேண்டும் என்பதற்காகத்தான் இன்னொரு தடவை சாக எழுந்தார் என்பது எனக்கும் தெரியாது.

ஃப்ரீவேயில் கவசத்தோடுதான் கார் ஓட்டினார். திட்டவில்லை. அம்மா பக்கம் திரும்பிப் பேசிய குரலில் பெருமைதான் இருந்தது.

“மேனேஜர் என்ன சொன்னாரு தெரியுமா? மொத்த டிராமாவுல நம்ம பையன் ஒருத்தன்தான் நல்லா ஆக்ட் பண்ணுனானாமா. என்னைக் கொல்லோணும்னே வந்தவனாட்டம் இருந்துச்சாமா.”