ராத்தாவின் மூன்று குழாய்கள்

“வரிப்பத்தான்சேனை. மழையில் நனைந்த வைக்கோல். குவியலின் உட்புறம்.” ராத்தா தம் கைப்பட எழுதி ஒரு கண்ணாடிக் குழாயில் ஒட்டிய குறிப்பு இது. கீழே திகதியும் இருந்தது. ஈரம் பட்டதில் மாதம் மட்டுமே எஞ்சியிருக்கிறது: மாசி.

என் அக்கா ராத்தா, கல்முனையில் எங்கள் வீட்டு மூத்த பிள்ளையாகப் பிறந்தார். வாப்பா வரிப்பத்தான்சேனையில் வயல் செய்தவர். ஒரு போகத்தில் அறுவடையோடு மழை பிடித்து, வைக்கோல் உள்ளே சூடேறி அழுகியது. வாப்பா அள்ளி எறியச் சொன்னார். அப்போது ஆய்வு மாணவியாயிருந்த ராத்தா, ஒரு பிடியைப் பையில் கட்டிக்கொண்டு பஸ் ஏறினார்.

அதிலிருந்து அவர் பிரித்தெடுத்த நுண்ணுயிர் வைக்கோலைச் சீனியாக உடைத்தது. குழாயில் நடந்ததைப் பெரிய கலனிலும் நடத்திக்காட்டுவதே அவரது வாழ்நாள் வேலையாயிற்று. விரிவுரையாளராகி, பேராசிரியரான பின்னும் அது கைகூடவில்லை. கலனுக்குள் நுண்ணுயிர் ஒவ்வொரு முறையும் செத்தது. “திரும்ப வைப்பம்” என்பார். அவர் மணம் முடிக்கவில்லை. யாரும் அதற்காக இரங்கினால், “எனக்குப் புள்ள இல்லண்டு ஆருகா சொன்ன? பசிச்சாலும் அழாத புள்ளைகள், பிரிட்ஜுக்குள்ள இரிக்கி” என்று சிரிப்பார்.

சிறுநீரகம் பழுதாகி வீடு திரும்பியபோது, அந்த நுண்ணுயிர் மிஞ்சியிருந்த மூன்று குழாய்களையும் கொண்டுவந்து பிரிட்ஜில் வைத்தார். ஆய்வுகூடத்தில் இருந்தவை குளிர்பெட்டி பழுதாகி அழிந்திருந்தன. காலத்துக்குக் காலம் புதிய உணவுக்கு மாற்றாவிட்டால் இவையும் இறந்துவிடும். ராத்தாவின் கைகள் நடுங்கத் தொடங்கின. நான் செய்து பார்க்கட்டுமா என்று கேட்டேன்.

“ஒண்ட கை பேனைக்குத்தான் சரி, தம்பி. நீ மூச்சு விட்டாலே கெட்டுப்போகும். வெள்ளிக்கிழம என்ட மாணவி வருவா. அதுவரைக்கும் பாத்துக்க.”

புதன்கிழமை சுபஹுத் தொழுகைக்குப் பின் ராத்தா எங்களைப் பிரிந்தார். ளுஹர் தொழுகைக்குப் பின் நல்லடக்கம் செய்தோம். மையித்து வீட்டில் அடுப்பு மூட்டுவதில்லை என்பதால் அயலவர்கள் சோறும் ஆணமும் கொண்டுவந்தபடி இருந்தார்கள். மையவாடியிலிருந்து திரும்பியபோது பிரிட்ஜ் நிறையச் சட்டிகள். குழாய்கள் கிணற்றுக்கட்டில் வெயிலில் கிடந்தன.

“பூஞ்சணம் புடிச்ச சாமான்டு நெனச்சன், மனே. நாலு வீட்டு ஆணம், வைக்க எடமில்ல” என்றார் வீட்டில் நின்ற சாச்சி, எங்கள் சின்னம்மா. விடயம் தெரிந்ததும் முந்தானையால் குழாய்களைத் துடைத்துத் துடைத்து அழுதார். அவரை என்ன சொல்ல?

சொறிக்கல்முனையைச் சேர்ந்த அந்த மாணவி வெள்ளிக்கிழமை வந்தார். “எவ்வளவு நேரம் வெயிலுக்க கிடந்தது, சேர்?” என்று கேட்டார். மழை பெய்யத் தொடங்கிய நேரத்தைக்கூடக் குறித்து வைக்கும் நான் அன்று மணி பார்க்கவில்லை. அவர் குழாய்களைப் பஞ்சில் சுற்றினார். “சூட்டில பிறந்ததுதானே. வைச்சுப் பாப்பம். இப்ப ஒண்டும் சொல்ல ஏலாது.”

குருதி சுத்திகரிப்பு நாட்களில் உடனிருந்த தாதியருக்கும், கபுறு வெட்டிய கரங்களுக்கும், ஆணம் கொண்டுவந்த ஒவ்வொரு வீட்டுக்கும், குறிப்பாகச் சாச்சிக்கும் எங்கள் நன்றி. ராத்தாவுக்காக துஆச் செய்யுங்கள்.

ராத்தாவின் இந்த நினைவு மலர் அச்சுக்குப் போகும்வரை மாணவியிடமிருந்து தகவல் இல்லை. மூன்று குழாய்களில் எதிலேனும் உயிர் இருக்கிறதா என்பது உறுதிப்படுத்தப்படவில்லை.